நினைவகம் கூடியும் வேகம் குறைந்தது ஏன்?

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்குப் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? கரிசல் காட்டின் நடுவே சின்னஞ்சிறு அறைகள் தனித்தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே வெறும் தரை. இவைதாம் பட்டாசு ஆலைகள். இவ்வளவு நிலத்தை வீணாக்கி ஏன் இப்படிச் சிதறிக் கட்டியிருக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர் கேட்பார். உள்ளூர்க்காரர் கேட்கமாட்டார். மருந்து செலுத்தும் அறையில் அப்போதைய வேலைக்கு வேண்டிய சிறிதளவு மருந்துதான் இருக்கலாம். மற்றதெல்லாம் தள்ளியிருக்கும் மேகசினில், அதாவது வெடிமருந்துக் கிடங்கில், இருக்கவேண்டும். கையிலிருப்பது தீர்ந்த பிறகே அடுத்த தவணை வரும். ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்பதெல்லாம் விதியில் எழுதப்பட்ட வரம்புகள். அவை மீறப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கையருகே சிறிதளவு, தொலைவில் பேரளவு என்னும் இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறியின் உள்ளேயும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். காரணம் மட்டும் வேறு. ஆலையில் அது ஆபத்தைத் தடுப்பதற்கு. கணிப்பொறியில் நேரத்தை மிச்சப்படுத்துவதற்கு. கணிப்பொறியிலும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரம்பு இருந்தது. அதை அறியாமல் 1990-களின் பிற்பகுதியில் பலர் நல்ல காசு கொடுத்துக் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்தி, முன்பைவிட மெதுவாக ஓடும் கணிப்பொறியைப் பெற்றார்கள். பொருளைக் கூட்டினால் பயன் குறையுமா? குறைந்தது. எப்படி என்று பார்ப்போம்.

கணிப்பொறியில் வேலை செய்யும் உறுப்பு பிராசசர் எனப்படும் செயலி. அது கூட்டவும் கழிக்கவும் ஒப்பிடவும் வேண்டிய எண்களும், என்ன செய்யவேண்டும் என்னும் கட்டளைகளும் நினைவகத்தில் இருக்கின்றன. 1997-ஆம் ஆண்டில் கடைகளில் விற்ற 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 20 கோடித் துடிப்புகள். அதாவது ஒரு துடிப்புக்கு 5 நானோ வினாடி. ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அக்காலத்து நினைவகச் சில்லுகளின் மேல் 60 நானோ வினாடி என்று குறித்திருப்பார்கள். செயலி ஒரு எண்ணைக் கேட்டுவிட்டு, அது வந்து சேருவதற்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்புகளைச் சும்மா கழிக்க வேண்டும். ஒவ்வொரு பிடி மருந்துக்கும் மேகசின் வரை நடந்து போய்வரும் தொழிலாளியின் கதைதான்.

இதற்குக் கண்ட வழி, செயலிக்கு அருகில் சிறிய, ஆனால் மிக விரைவான இன்னொரு நினைவகத்தை வைப்பது. அதற்குக் கேஷ் என்று பெயர். கல்லாப்பெட்டியில் இருக்கும் கேஷுக்கும் இதற்கும் உறவில்லை. ஒளித்து வைக்கும் இடம் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல் இது. அண்மையில் பயன்பட்டவற்றின் படி ஒன்று இதில் இருக்கும். செயலி எதைக் கேட்டாலும் முதலில் இங்கே தேடுவார்கள். இருந்தால் உடனே கொடுப்பார்கள். இல்லையென்றால்தான் பெரிய நினைவகத்துக்குப் போவார்கள்.

பெரியதில் ஒரு சிறு துண்டின் படியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு வகுப்பில் 60 மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த எண்ணை எடு, கூட்டு, முடிந்ததா என்று பார், முடியவில்லை என்றால் முதலிலிருந்து" என்ற அதே நான்கைந்து கட்டளைகளே 60 முறை திரும்பத் திரும்ப வருகின்றன. மதிப்பெண்களும் நினைவகத்தில் அடுத்தடுத்தே இருக்கின்றன. பெரும்பாலான கணக்குகளின் இயல்பு இது. ஒருமுறை தொட்டதை மறுபடி தொடும். தொட்டதற்குப் பக்கத்தில் இருப்பதையும் விரைவில் தொடும். ஆகவே பென்டியம் கணிப்பொறிகளில் ஒரு எண்ணைக் கேட்டாலும் அதைச் சுற்றியுள்ள 32 பைட்டுகளைச் சேர்த்தே கேஷுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இந்த 32 பைட்டுத் துண்டை ஒரு வரி என்று சொல்வோம்.

இந்த யோசனை புதிதன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணிப்பொறியைக் கட்டிய மாரிஸ் வில்க்ஸ் 1965-ல் எழுதிய சிறு கட்டுரையில் இதை விளக்கினார். அவர் இட்ட பெயர் அடிமை நினைவகம். அந்தப் பெயர் நிலைக்காமல் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 1968-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசையில் 85-ஆம் மாதிரியில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கும் இது சீக்கிரமே வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 கணிப்பொறியில் 8 கிலோபைட் கேஷ் இருந்தது. அதன் செயலியின் ஒரு துடிப்பு 115 நானோ வினாடி. காந்த வளையங்களால் ஆன பெரிய நினைவகத்தின் ஒரு சுற்றோ ஏறத்தாழ 2000 நானோ வினாடி. அந்த 8 கிலோபைட் இல்லாவிட்டால் பல இலட்ச ரூபாய்ச் செயலி பெரும்பாலும் காத்துக்கொண்டே இருந்திருக்கும்.

பிளாக்கும் சீட்டும்

இனி நம் கதையின் முடிச்சுக்கு வருவோம். செயலி ஒரு முகவரியைச் சொல்லிக் கேட்கிறது. அது கேஷில் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? கேஷ் முழுவதையும் துழாவிக்கொண்டிருந்தால் மிச்சமான நேரமெல்லாம் தேடுவதிலேயே போய்விடும்.

சிவகாசிக்கே திரும்புவோம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கப் புறப்பட்டுத்தானே அந்த ஊரில் அச்சுத்தொழில் இவ்வளவு வளர்ந்தது. ஒரு பழைய அச்சகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பின்கட்டில் ஒரு பெரிய கிடங்கு. அதில் 0000 முதல் 9999 வரை எண்ணிட்ட பத்தாயிரம் லேபிள் பிளாக்குகள். அச்சு எந்திரத்தின் பக்கத்தில் 100 தட்டுகள் கொண்ட ஓர் அலமாரி. தட்டுகளின் எண்கள் 00 முதல் 99 வரை. வெளியே எடுத்த பிளாக்கை உடனே கிடங்குக்கு அனுப்பாமல் அலமாரியில் வைப்பது வழக்கம். எந்தத் தட்டில்? பிளாக்கின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் எதுவோ அந்தத் தட்டில். 4737-ஆம் பிளாக் 37-ஆம் தட்டில்தான் இருக்கவேண்டும், இருந்தால். எனவே நூறு தட்டுகளையும் துழாவ வேண்டியதில்லை. ஒரே தட்டைப் பார்த்தால் போதும்.

ஆனால் 0137, 0237, 5637 எல்லாவற்றுக்கும் அதே 37-ஆம் தட்டுத்தான். இப்போது அதில் இருப்பது எது? அதற்காகத் தட்டின் விளிம்பில் ஒரு சீட்டு ஒட்டி, பிளாக் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை அதில் எழுதுகிறார்கள். சீட்டில் 47 என்று இருந்தால் உள்ளே இருப்பது 4737. ஃபோர்மேன் 4737 கேட்டால் பையன் 37-ஆம் தட்டுக்குப் போவான், சீட்டைப் பார்ப்பான். 47 என்றிருந்தால் எடுத்துக் கொடுப்பான். வேறு எண் இருந்தால் கிடங்குக்கு ஓடி, வேண்டியதைக் கொண்டுவந்து, பழையதை அப்புறப்படுத்தி, சீட்டை மாற்றி எழுதுவான்.

அச்சக முதலாளி சிக்கனக்காரர் என்று வையுங்கள். சீட்டில் ஒரே ஓர் இலக்கம் எழுதத்தான் இடம் விட்டிருக்கிறார். 37-ஆம் தட்டில் 7 என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது 0737-ஆ, 1737-ஆ, 4737-ஆ? சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. தவறாக எடுத்தால் மயில் மார்க் கேட்டவருக்குக் குதிரை மார்க் அடித்து அனுப்ப நேரிடும். இதைத் தவிர்க்க ஒரே வழிதான் உண்டு. எண்ணின் முதல் இலக்கம் 0 ஆக உள்ளவை, அதாவது 0000 முதல் 0999 வரையுள்ள ஆயிரம் பிளாக்குகள் மட்டுமே அலமாரிக்கு வரலாம். 1000-க்கு மேற்பட்ட எதற்கும் அலமாரியில் இடமில்லை. ஒரே நாளில் பத்து முறை தேவைப்பட்டாலும் பத்து முறையும் கிடங்குக்கு நடக்க வேண்டியதுதான்.

அலமாரியில் தட்டுகள் காலியாகக் கிடந்தாலும் இதே கதிதான் என்பதைக் கவனியுங்கள். இடம் போதாமை அன்று இங்கே குறை. பெயர் எழுதச் சீட்டில் இடம் போதாமை. அலமாரியால் சேவை செய்யப்படும் பிளாக்குகளின் தொகை, தட்டுகளின் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதக்கூடிய வெவ்வேறு எண்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைக்கும். ஓர் இலக்கச் சீட்டுக்கு 100 x 10 = 1000. இரண்டு இலக்கச் சீட்டுக்கு 100 x 100 = 10,000.

64 மெகாபைட் எங்கிருந்து வந்தது?

இந்தக் கணக்கை அப்படியே கணிப்பொறிக்குக் கொண்டுபோகலாம். அங்கே இலக்கங்கள் 0, 1 என்ற இரண்டுதான். ஆகவே சீட்டில் ஓர் இலக்கம் கூடினால் பத்து மடங்கு ஆகாமல் இரண்டு மடங்காகும். இந்த இலக்கத்துக்கு பிட் என்று பெயர்.

1990-களின் நடுவில் பென்டியம் கணிப்பொறிகளின் மதர்போர்டில் பொதுவாக 256 கிலோபைட் கேஷ் இருந்தது. செயலிக்கு உள்ளேயே சில கிலோபைட் அளவில் முதல்நிலை கேஷ் ஒன்று உண்டு. வெளியே மதர்போர்டில் இருந்த இது இரண்டாம் நிலை. 256 கிலோபைட்டை 32 பைட்டு வரிகளாகப் பிரித்தால் 8192 வரிகள். இவைதாம் நம் அலமாரியின் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு வேண்டும். சீட்டுகளை வைக்கத் தனியாக ஒரு சில்லு. அதற்கு டேக் ராம் என்று பெயர். அதில் ஒரு சீட்டுக்கு 8 பிட் இடம். 8 பிட்டுகளில் எழுதக்கூடிய வெவ்வேறு எண்கள் 256. அப்படியானால் 256 கிலோபைட் x 256 = 64 மெகாபைட். இதற்குள் அடங்கிய முகவரிகள் மட்டுமே இரண்டாம் நிலை கேஷுக்கு வரலாம்.

முகவரியின் பிட்டுகளைக் கொண்டும் இதைச் சரிபார்க்கலாம். வரிக்குள் எந்த பைட்டு என்று சொல்ல 5 பிட். எந்தத் தட்டு என்று சொல்ல 13 பிட். சீட்டுக்கு 8 பிட். ஆக 26. இரண்டை 26 முறை பெருக்கினால் 6,71,08,864. இதுதான் 64 மெகாபைட். பென்டியத்தின் முகவரிக்கு 32 பிட்டுகள் உண்டு. மேலே மிச்சமுள்ள ஆறு பிட்டுகளை எழுதச் சீட்டில் இடமில்லை.

சீட்டைப் படித்து ஒப்பிடும் பையன் யார்? அதுதான் சிப்செட். செயலி, நினைவகம், கேஷ், மற்ற கருவிகள் ஆகியவற்றுக்கு இடையே போக்குவரத்தை நடத்தும் சில்லுகளின் கூட்டம் அது. மேலேயுள்ள அந்த ஆறு பிட்டுகளில் ஒன்றாவது 1 ஆக இருந்தால் சிப்செட் கேஷைத் திறந்தே பார்ப்பதில்லை. நேராக நினைவகத்துக்குப் போய்விடும். இது சோம்பல் அன்று, ஒழுங்கு. பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தால், 70-ஆவது மெகாபைட்டில் உள்ளதைக் கேட்ட செயலிக்கு 6-ஆவது மெகாபைட்டில் உள்ளது கிடைக்கும். உங்கள் கணக்கு தாமதமாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தவறாக வந்தால் எதற்கு ஆகும்? தவறுக்குப் பதிலாகத் தாமதத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது சரியான முடிவே.

இன்டெல் நிறுவனத்தின் 430 எஃப்.எக்ஸ். (1995), 430 வி.எக்ஸ். (1996), 430 டி.எக்ஸ். (1997) ஆகிய மூன்று சிப்செட்டுகளுக்கும் இந்த 64 மெகாபைட் வரம்பு இருந்தது. இவற்றில் கடைசியானதில் 256 மெகாபைட் வரை நினைவகம் பொருத்தலாம். பொருத்துவதற்கு இடம் உண்டு. கேஷின் துணை முதல் கால் பங்குக்குத்தான். 512 கிலோபைட் கேஷ் வைத்தால் வரம்பு 128 ஆகுமே என்று கணக்குப் போட்டவர்களுக்கும் ஏமாற்றம்தான். டி.எக்ஸ். அப்போதும் 64-ஐத் தாண்டவில்லை. மேல் பிட்டுகளைப் பார்த்து ஒதுக்கும் அந்த முடிவு சிப்செட்டுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தது.

மெதுவானது எப்படி?

1998-ல் ஓர் அச்சகத்தில் லேபிள் வரைய இப்படி ஒரு கணிப்பொறி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 64 மெகாபைட்டோடு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 1996 முதல் உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை சரிந்துவிட்டதால், உரிமையாளர் இன்னொரு 64 மெகாபைட் வாங்கிப் பொருத்துகிறார். கடிதம் அடிப்பது, பட்டியல் போடுவது போன்ற சின்ன வேலைகள்கூட முன்பைவிட மந்தமாகின்றன. புதியதைக் கழற்றினால் பழைய வேகம் திரும்புகிறது. சில்லில் பழுது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடைக்காரரிடம் கொடுத்து மாற்றி வாங்கினாலும் அதே நிலை.

பழுது எதுவும் இல்லை. 64-க்கு மேலே உள்ள பகுதி மெதுவானது என்றாலும், கீழே உள்ள பழைய 64 மெகாபைட் அப்படியேதானே இருக்கிறது; சின்ன வேலைகள் அதிலேயே அடங்குமே என்று நீங்கள் வாதிடலாம். அடங்கும். ஆனால் அங்கே யார் வைப்பது? விண்டோஸ் 95, 98 ஆகியவை நினைவகத்தைப் பெரும்பாலும் மேல்முனையிலிருந்து எடுத்து வழங்கின. 128 மெகாபைட் உள்ள கணிப்பொறியில் முதலில் நிரம்புவது மேல் பாதி. அதாவது கேஷின் துணையில்லாத பாதி. கிடங்கில் 9999-லிருந்து தொடங்கிப் பிளாக்குகளை எடுத்தால், ஓர் இலக்கச் சீட்டு ஒட்டிய அலமாரி யாருக்கும் பயன்படாமல் நிற்கும் அல்லவா? அதே நிலைதான்.

தாமதம் எவ்வளவு? அந்த மதர்போர்டுகளில் செயலிக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான பாதை 66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஒரு துடிப்பு 15 நானோ வினாடி. ஒரு வரியை நான்கு தவணையாகக் கொண்டுவரவேண்டும். இரண்டாம் நிலை கேஷிலிருந்து வந்தால் முதல் தவணைக்கு 3 துடிப்பு, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று, ஆக 6. அன்று பரவலாக இருந்த ஈ.டி.ஓ. வகை நினைவகத்திலிருந்து வந்தால் நல்ல நிலைமையிலேயே 5, 2, 2, 2 என்று 11. கேட்டது சில்லுக்குள் வேறு வரிசையில் இருந்துவிட்டால் இன்னும் கூடும். முதல்நிலை கேஷில் அகப்படாத ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரண்டு மடங்குக் காத்திருப்பு என்று கொள்ளலாம். பின்னால் வந்த எஸ்.டிராம் வகையில் இந்த இடைவெளி சுருங்கியது, மறையவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அந்த உரிமையாளர் கூடுதல் நினைவகம் வாங்கியது வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவருடைய வேலை என்ன என்பதைப் பொறுத்தது அது. ஏ4 அளவில் நான்கு வண்ண லேபிள் படம் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் திறந்தால் 2480 x 3508 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட்டு. ஏறக்குறைய மூன்றரைக் கோடி பைட்டு. போட்டோஷாப்பில் அதைத் திருத்தும்போது பழைய நிலைக்குத் திரும்ப இன்னொரு படி வைத்திருந்தால் அதுவே ஏழு கோடி. 64 மெகாபைட் அங்கேயே நிறைந்துவிட்டது. நிறைந்தால் மிச்சத்தைக் கணிப்பொறி வன்தட்டில் எழுதிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கும். அன்றைய வன்தட்டில் ஓரிடத்தைத் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லி வினாடி; அதாவது ஒரு கோடி நானோ வினாடி. 60 நானோ வினாடி நினைவகத்தோடு ஒப்பிட்டால் ஒரு இலட்சம் மடங்குக்கு மேல். மேகசினுக்கு நடப்பதற்கும் மதுரைக்கு நடந்து போய்வருவதற்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது இது. பெரிய படங்களோடு போராடும் அச்சகத்துக்குக் கேஷ் இல்லாத நினைவகமும் வரப்பிரசாதமே. கடிதம் மட்டும் அடிக்கும் அலுவலகத்துக்குத்தான் அது நட்டம்.

மூன்று கிலோபைட் சிக்கனம்

64 மெகாபைட் என்பது இயற்கை விதித்த எல்லை அன்று என்பதற்கு இன்டெல்லின் கையிலேயே சான்று இருந்தது. 1996 தொடக்கத்தில் வந்த 430 எச்.எக்ஸ். என்ற சிப்செட்டில் சீட்டை 11 பிட்டாக அகலப்படுத்த வசதி உண்டு. 18 பிட்டோடு 11-ஐக் கூட்டினால் 29. இரண்டின் 29-ஆம் அடுக்கு 512 மெகாபைட். பொருத்தக்கூடிய நினைவகம் முழுவதற்கும் கேஷ் கிடைத்தது. ஒரு வருடம் கழித்து வந்த டி.எக்ஸ். வேறு பலவற்றில் முன்னேறியது. இதில் மட்டும் பின்னால் போனது.

கூடுதலாக வேண்டிய 3 பிட்டை 8192 சீட்டுகளுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். 24,576 பிட். அதாவது 3 கிலோபைட். நூற்றுக்கணக்கான மெகாபைட்டைக் கேஷிலிருந்து விலக்கி வைத்தது இந்த 3 கிலோபைட்டின் இன்மைதான். சிக்கனம் அதோடு முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு பிட்டுக்கும் சிப்செட்டில் ஒரு கால், மதர்போர்டில் ஒரு தடம், ஒப்பிடும் சுற்று, அநேகமாக இன்னொரு டேக் ராம் சில்லு என்று செலவு நீளும். இலட்சக்கணக்கில் விற்கும் பொருளில் அது பெரிய தொகை. எச்.எக்ஸ். அலுவலகங்களுக்கு, டி.எக்ஸ். வீடுகளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 1997-ல் வீட்டுக் கணிப்பொறியில் 16 அல்லது 32 மெகாபைட்தான் இருந்தது என்பதையும் நினைத்தால் அவர்கள் கணக்கைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஒரு கணிப்பொறியை ஐந்தாறு ஆண்டுகள் வைத்து உழைக்க வைக்கும் நம் ஊரில் அந்தக் கணக்கு சரிப்படவில்லை. வாங்கிய இரண்டாம் வருடமே 64-ஐத் தாண்டும் ஆசை வந்துவிட்டது. பெட்டியின் மேல் "256 வரை பொருத்தலாம்" என்று இருக்கும். "64 வரைதான் வேகம்" என்பது சிப்செட்டின் விவரக் குறிப்பில் எங்கோ கிடக்கும்.

அதற்கு முந்தைய 486 கணிப்பொறிகளில் நிலைமை இன்னும் சுவையானது. கேஷில் எழுதியதை உடனே நினைவகத்திலும் எழுதாமல், பிறகு சேர்த்து எழுதிக்கொள்ளும் முறை ஒன்று உண்டு; வேகமான முறை. ஆனால் எந்த வரி மாற்றப்பட்டிருக்கிறது என்று குறித்துவைக்க ஒரு பிட் வேண்டும். தனிச் சில்லு வைக்க மனமில்லாத மதர்போர்டுகளில் 8 பிட்டுச் சீட்டிலிருந்தே அந்த ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சீட்டு 7 பிட்டாகச் சுருங்கியது. வரம்பு 64-லிருந்து 32 மெகாபைட் ஆனது. ஒரு வேகத்தை வாங்க இன்னொன்றை விற்றாகிவிட்டது.

இந்த வரம்பு மறைந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1997 மே மாதம் வெளியான பென்டியம் 2-இல் இரண்டாம் நிலை கேஷ் மதர்போர்டை விட்டுச் செயலியின் பெட்டிக்குள் போயிற்று. முதலில் வந்தவற்றுக்கு 512 மெகாபைட் வரம்பு. பின்னர் வந்தவற்றில் 4 கிகாபைட். பழைய மதர்போர்டு வைத்திருந்தவர்களுக்கு ஏ.எம்.டி. நிறுவனத்தின் கே6-3 செயலி (1999) எதிர்பாராத விடுதலையைக் கொடுத்தது. அதன் உள்ளேயே 256 கிலோபைட் இரண்டாம் நிலை கேஷ் இருந்தது. அதன் சீட்டுகள் முழு அகலம். மதர்போர்டில் இருந்த பழைய கேஷ் மூன்றாம் நிலைக்கு இறங்கி, அதன் வரம்பு பெரிய பொருட்டாக இல்லாமல் போயிற்று. 2003-லிருந்து ஏ.எம்.டி.யும் 2008-லிருந்து இன்டெல்லும் மேசைக் கணிப்பொறிகளில் நினைவகத்தை நடத்தும் சுற்றையே செயலிக்குள் கொண்டுவந்துவிட்டன. இன்று நீங்கள் வாங்கும் கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ எவ்வளவு நினைவகம் இருந்தாலும் அத்தனைக்கும் கேஷ் உண்டு. பொருத்தக்கூடிய நினைவகத்துக்கு ஓர் உச்ச அளவு இப்போதும் இருக்கிறது. வாங்கும் முன் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வேண்டுமென்றே விலக்கியவை

ஆனாலும் கேஷுக்குள் வரக்கூடாத முகவரிகள் இன்றும் ஒவ்வொரு செயலியிலும் இருக்கின்றன. இவை சிக்கனத்தால் விலக்கப்பட்டவை அல்ல. மீண்டும் அந்த மேகசினை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெப்பம் காட்டும் ஒரு மின்னணுக் கருவியைப் பொருத்தி, அதை ஒரு சிறு செயலியோடு இணைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செயலிக்கு அந்தக் கருவியும் ஒரு நினைவக முகவரிதான். அந்த முகவரியைப் படித்தால் அப்போதைய வெப்பநிலை கிடைக்கும். காலை ஏழு மணிக்குப் படிக்கிறது: 29 பாகை. அந்த 29 கேஷில் தங்கிவிட்டால்? சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டு மணிக்குப் படித்தாலும் கேஷிலிருந்து அதே 29 வரும். கருவி 42 என்று கத்திக்கொண்டிருக்கும், செயலிக்குக் கேட்காது. எந்த வேதிப்பொருள்களின் அருகே இந்தத் தவறு நிகழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். எனவே இத்தகைய முகவரிகளைக் கேஷுக்கு அப்பாற்பட்டவை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு முறையும் கிடங்கு வரை நடந்து போய்ப் பார்ப்பதுதான் வேலையே.

எந்த முகவரிக்குக் கேஷ் உண்டு, எதற்கு இல்லை என்று வரையறுக்கும் இந்த வேலை நம் நாட்டிலும் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடி முன்னின்று உருவாக்கிய 'சக்தி' செயலிகளில் ஒன்று 2018-ல் சண்டீகரை ஒட்டிய மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் சில்லாகச் செய்யப்பட்டது. இதன் வடிவமைப்பு யாரும் படிக்கத்தக்க வகையில் திறந்து வைக்கப்பட்டுள்ளது. பொறியியல் படிப்பவர்கள் அதில் கேஷ் பகுதியை எடுத்துப் பார்த்தால், வரி, தட்டு, சீட்டு என்று நாம் பார்த்த அதே மூன்று துண்டுகளாக முகவரி வெட்டப்படுவதைக் காணலாம்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மதர்போர்டில் 512 கிலோபைட் கேஷ் இருக்கிறது. சீட்டுக்கு 10 பிட். அதில் ஒன்றை, வரி மாற்றப்பட்டதா என்று குறிக்க எடுத்துக்கொள்கிறார்கள். எத்தனை மெகாபைட் வரை கேஷ் கிடைக்கும்? 256 என்று விடை வந்தால் சரி.